திருகோணமலை உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ், மூண்டாந்தரம் போய் நிண்டுட்டு எழுதுறன்

முதல் போனது 2018 ஆகஸ்ட்ல, பிறகு 2022ல பெற்றோல் இல்லாம லைன்ல நிண்ட காலத்துல ஒரே ஒரு இரவு, இப்ப போன மாசம் அம்மா, மனுசி, பிள்ளையளோட மூண்டு நாள். மூண்டு தரமும் அதே நாலு றூம், அதே வேப்பமரம், சமைக்கிறதும் அதே அக்கா.

கடலுக்குக் கிட்ட எண்டதால இரும்பு ஒண்டும் தாங்காது, உப்புக்காத்துக்குப் பிணைச்சல், பூட்டு, ஏசின்ர வெளிப்பெட்டி எல்லாம் கறள் கட்டிடும். முன்னம் ஒருக்கா வேற ஒரு இடத்துல, பேர் வேண்டாம், பூட்டு இறுகிக் கதவு மூட ஏலாம இரவு முழுக்கக் கதிரைய முட்டுக்குடுத்து வச்சுப் படுத்தனாங்கள். இங்க கதவு ஜன்னல் எல்லாம் மரம், வருசா வருசம் மாரி முடிய பெயின்ற் அடிக்கினம்.

ஆனா எனக்குப் பிடிச்சது கிணறுதான். "அண்ணா, இவ்வளவு இடம் சும்மா கிடக்கு, ஒரு ஸ்விமிங் பூல் போட்டு மேல இன்னும் ஆறு றூம் எடுக்கலாமே" எண்டு ஓனரிட்டக் கேட்டன். "தம்பி, வந்து கிணத்தைப் பாருங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போனார். மணலுக்குக் கீழ மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் கிடக்காம், பெரிய மோட்டர் போட்டு ஒரேயடியா இறைச்சா கீழ கிடக்கிற உப்பு மேல ஏறிடும், ஏறினா லேசில இறங்காது. இங்க மழை ஐப்பசில இருந்து தை வரைக்கும், வெளிநாட்டுச் சனம் வாறது மே தொடங்கி செப்டெம்பர் மட்டும், அப்ப ஆள் கூடின நேரம்தான் கிணறு வத்தின நேரம். அதால சின்ன மோட்டர்ல காலமையும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமா டாங்குக்கு ஏத்துறார், குளிக்கிற தண்ணி வாழைக்குப் போகுது. ஷவர் மெல்லமாத்தான் வரும், அதுக்காக ஸ்டார் குறைக்கிறது நியாயமே இல்ல, ஏனெண்டா இங்க சவர்க்காரம் நல்லா நுரைக்குது, கடற்கரைல எத்தினை இடத்துல அப்பிடி?

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு சீசன் தொடங்கப்போற நேரம் நடந்தது, புக்கிங் எல்லாம் கான்சல், அடுத்த வருசம் கொரோனா, பிறகு பெற்றோல் இல்ல. கடன் எடுத்து மாடி கட்டினவைக்கு அந்த மூண்டு அடியையும் தாங்குறது லேசில்ல. இவர் மாடி கட்டேல்ல, சீசன் காசுல ஒரு பங்கை எப்பவும் மாரிக்கெண்டு ஒதுக்கிறவர், ஆள் வராத மாசத்திலயும் அக்கான்ர சம்பளம் நிண்டதில்லையாம், ஒருக்கா வீட்டுச் சங்கிலிய ஈடு வச்சுக் குடுத்தவர் எண்டு அக்காவே சொன்னவ, சொல்லேக்க கண் கலங்கினது. 2018ல சாப்பிட்ட அதே சொதி இப்பவும் கிடைக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

புறாமலைத் தீவுக்குப் போறவைக்கு நிலாவெளில போட் ஏற முதலே முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) மேல கால் வைக்க வேண்டாம் எண்டு சொல்லி அனுப்புறார். பிள்ளையள் அதை அப்பிடியே கேட்டுக்கொண்டுதுகள்.

குறை இல்லாமலில்ல. பின் றூமுகளுக்கு வைஃபை வராது, சுடுதண்ணி இல்ல, அம்மாவுக்குக் கேத்தில்ல கொதிக்க வச்சுக் குடுத்தவை. நுளம்பு வலைல ஒரு ஓட்டை, சொன்ன உடன மாத்தினவை. விலை பக்கத்து இடங்களை விடக் கொஞ்சம் கூட, ஆனா போயா (பௌர்ணமி) லீவு வந்தாலும் ஏத்துறதில்ல.

கடல் பக்கத்து முதலாம் றூமைக் கேட்டு எடுங்கோ, காத்து நல்லா வரும். இரவுக்கு மீன் வேணுமெண்டா காலமையே அக்காட்டச் சொல்லிடுங்கோ, கரைவலை இழுக்கிற நேரம் போய்த்தான் வாங்கிறவ.