வாடிய பூசணிக்குப் பெயரில்லாத பொட்டலம்: குமரி மாவட்ட வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பூசணி, தடியங்காய், புடலை, பீர்க்கு ஆகிய கொடிகளை வீட்டில் வளர்ப்பவர்கள், "வாடலுக்குக் கூட்டு மருந்து" என்று சொல்லி லேபிள் இல்லாமல் விற்கப்படும் பொட்டலங்களை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் இங்கே தரவில்லை. எழுத்துப்பூர்வமான புகார் உரிய அலுவலகத்தில் இருப்பதால், நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு கல்குளம் வட்டத்தில் உள்ளது. தென்னைக்கும் வாழைக்கும் போக எஞ்சிய இடத்தில் சில பூசணிக் கொடிகள் பூத்துப் பிஞ்சு பிடித்திருந்தன. உச்சி வெயிலில் பூசணி இலை துவளுவது வழக்கமே. அகன்ற இலைகள் வழியாக வெளியேறும் நீரின் அளவுக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் போவதே அதற்குக் காரணம், வெயில் தாழ்ந்ததும் இலை தானாக நிமிர்ந்துவிடும். ஆனால் இந்தக் கொடிகள் மாலையிலும் நிமிரவில்லை, மறுநாள் விடியற்காலையிலும் தொங்கியபடியே இருந்தன. அப்படியானால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது என்று பொருள். ஓர் இலையையும் கைப்பேசியில் எடுத்த படங்களையும் கொண்டு, பூச்சிமருந்தும் உரமும் விற்கும் அந்தக் கடைக்குச் சென்றேன்.

கடைக்காரர் இலையைக் கையில் வாங்கவே இல்லை. வெளிநாட்டுக் காணொளி ஒன்றைக் காட்டி, இது பாக்டீரியா வாடல் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு உள்ளேயிருந்து மூன்று பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று, சாதாரணப் பாலித்தீன் பையில் கட்டிய வெள்ளைத் தூள். கார்பன்டாசிம் என்று வாயால் சொன்னார். இரண்டாவது, வெயில் படும் முன்வாசல் அடுக்கிலிருந்து எடுத்த டிரைக்கோடெர்மா பொட்டலம். காலாவதித் தேதியை யாரோ சுரண்டியிருந்தார்கள். மூன்றாவது, "டானிக்" என்ற பழுப்பு நிறத் திரவம், தண்ணீர் பாட்டிலில். "அக்கா, மூணையும் ஒரே பக்கெட்டுல கலக்கி மூட்டுல ஊத்துங்க, ரெண்டே நாளுல எழும்பிரும்" என்றார். செடியின் அடிப்பகுதியைத்தான் எங்கள் பக்கம் மூடு என்போம். இலை பறித்துத் துவரன் வைக்கலாமா என்று கேட்டதற்கு, எல்லாம் இயற்கை மருந்துதான், தாராளமாகப் பறிக்கலாம் என்று பதில் வந்தது. மொத்தம் 1,350 ரூபாய். பில் கேட்டபோது, கணினி பழுது, நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கைப்பேசியில் அனுப்பிய பணம் கடையின் பெயரில் இல்லாத தனிநபர் கணக்குக்குச் சென்றது.

அவர் சொன்னபடியே ஊற்றினோம். வாட்டம் குறையவில்லை, அதற்கு மேலாக இலை விளிம்புகள் கருகத் தொடங்கின, இரண்டு கொடிகள் அடியோடு காய்ந்தன.

அவர் சொன்ன நோயும் அவர் விற்ற மருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. கார்பன்டாசிம் பூசணக்கொல்லி, அதாவது பூஞ்சையைக் கொல்லும் மருந்து; பாக்டீரியாவை அது கட்டுப்படுத்தாது. டிரைக்கோடெர்மாவோ உயிருள்ள நன்மை செய்யும் பூசணம். அதைக் கார்பன்டாசிமுடன் ஒரே வாளியில் கலந்தால் முதலில் சாவது அந்த நன்மைப் பூசணமே. டிரைக்கோடெர்மாவை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து மண்ணில் இட வேண்டும் என்பதும், இரசாயனப் பூசணக்கொல்லியோடு சேர்க்கக் கூடாது என்பதும் இந்தத் தொழிலில் இருப்பவர் யாருக்கும் தெரிந்த பாலபாடம். தெரியாமல் விற்றாரா, தெரிந்தே விற்றாரா என்ற கேள்விக்கே இடமில்லை என்பது என் கருத்து. இரண்டுக்கும் வாங்கியவர் கொடுக்கும் விலை ஒன்றுதான். காணொளியில் வந்த அந்த பாக்டீரியா வாடல் வட அமெரிக்காவில் வெள்ளரி வண்டுகள் பரப்பும் நோய். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு: வாடிய தண்டைக் குறுக்கே வெட்டி, இரு முனைகளையும் சற்று நேரம் ஒட்டி அழுத்தி மெல்ல இழுத்தால், நோய் இருக்கும் தண்டில் பெரும்பாலும் பிசினைப் போன்ற மெல்லிய நூல் நீளும். எங்கள் கொடியில் அப்படி எதுவும் நீளவில்லை. அந்நோய் தாக்கிய செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி அகற்றுவதே முறை என்பதால், அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால்கூட அவர் விற்றது வீண்தான்.

உண்மையான காரணத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நின்ற நிலையிலேயே சொன்னார். "மக்ளே, இலையெல்லாம் ஓட்ட ஓட்டையா கெடக்கு, செவப்பு வண்டு உண்டும்லா? மூட்டத் தோண்டிப் பாரு." தோண்டினோம். காய்ந்த கொடியின் மூட்டிலும் தடித்த வேரிலும் பழுப்புத் தலையுடன் வெளிர்மஞ்சள் புழுக்கள் துளைத்துப் புகுந்திருந்தன. பூசணி வண்டு எனப்படும் செம்மஞ்சள் வண்டின் புழுப்பருவம் இது. தாய் வண்டு இலையைத் துளைத்துத் தின்னும். முட்டையை மூட்டருகே ஈரமண்ணில் இடும். அதிலிருந்து வரும் புழு வேரையும் மண்ணுக்குள் இருக்கும் தண்டையும், சில வேளை மண்ணில் கிடக்கும் காயையும் குடைந்து, பிறகு மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும். மேலே தெரியும் வாட்டத்துக்குப் பூசணக்கொல்லி ஊற்றுவதால் இந்தப் புழுவுக்கு ஒரு கேடும் இல்லை.

எஞ்சிய கொடிகளைக் காப்பாற்றியது மிகச் சாதாரணமான வேலைதான். மூட்டைச் சுற்றி மண்ணை மெதுவாகக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தோம். வேப்பம்பிண்ணாக்கைத் தூளாக்கி மண்ணில் கலந்தோம். பூசணிக் கொடிக்குக் கணுவில் வேர் விடும் இயல்பு உண்டு. ஆகவே மூட்டுக்கு அப்பால் பச்சையாக இருந்த கணுக்களை மண்ணோடு அணைத்து, அவற்றின் மீது ஒரு கூடை தொழுவுரமண் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். பழைய வேர் கெட்டாலும் கொடி புது வேரில் பிழைக்கும். அந்த வேர் பிடிக்கும்வரை சுமை குறையட்டும் என்று பெரிய பிஞ்சுகளைக் கிள்ளி எடுத்தோம். வண்டுகள் அதிகாலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போட்டோம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்புத்தூளை இரவு முழுக்க ஊறவைத்து வடித்த 5 சதவீதக் கரைசலையும் மாலையில் தெளித்தோம். பூக்களுக்குத் தேனீ வரும் காலை நேரத்தில் எதையும் தெளிக்கவில்லை. அந்தப் பொட்டலத் தூள் ஊற்றிய கொடிகளில் இலையும் பூவும் பறிப்பதை நிறுத்திவிட்டோம். இதில்தான் எனக்கு மிகுந்த ஆத்திரம். கருகிய கொடியை மறுபடியும் நடலாம். தெரியாத இரசாயனத்தைச் சட்டிக்குள் போகச் சொன்ன வாயை என்ன செய்வது?

எல்லா வாட்டமும் இந்த வண்டினால் வருவதில்லை. தண்டை நெடுக்காகப் பிளக்கும்போது உள்ளே நீர் செல்லும் குழாய்ப் பகுதி பழுத்துப் பழுப்பாகத் தெரிந்தால் அது பியூசேரியம் என்ற மண்பூசணத்தின் வேலை. அந்தக் கொடியை வேரோடு அகற்றி, அதே குழியில் வெள்ளரி, பூசணி இனம் எதையும் அடுத்து நடாமல் விடுவது நல்லது. வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் நூற்புழு. நம் வீடுகளில் வாழை, தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் அதற்கு விருந்து என்பதால் ஒரே தோட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். வேப்பம்பிண்ணாக்கும் இடையே கேந்திப் பூச்செடி நடுவதும் அதைக் குறைக்க உதவும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இந்த மாவட்டத்தில், பழைய வயலை நிரப்பிய மனைகளில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதும் மிகச் சாதாரணம்; மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் மேலும் தண்ணீர் ஊற்றாமல் வடிகால் வெட்ட வேண்டும். தண்டையும் வேரையும் பார்க்காமல் மருந்து சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, இலையை மட்டும் எடுத்துச் செல்லாமல், மண்ணோடு கூடிய வேரையும் மூட்டையும் பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டலாம். போக முடியாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

வாங்கும் பொட்டலத்தில் பதிவெண், தயாரிப்பாளர் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். நச்சின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களில் ஒன்று சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதியில் இருக்கும். டிரைக்கோடெர்மா போன்ற உயிரியல் மருந்துகளும் 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருபவைதாம். "இயற்கை" என்ற சொல்லுக்கு அதில் விலக்கு இல்லை. பிரித்துக் கட்டிய தூளுக்கு இவை எதுவும் இருக்காது, அதனாலேயே அதை வாங்கக் கூடாது. ஏமாந்தவர்கள் பொட்டலத்தை எறிந்துவிட வேண்டாம். பணம் அனுப்பிய பதிவும் செடியின் படங்களும் சேர்ந்தால் பில் இல்லாவிட்டாலும் புகாருக்கு வலு உண்டு. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

புகார் கொடுத்தது தெரிந்ததும் கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மிச்சமிருந்த தூளையும் திரவத்தையும் கொடுத்துவிட்டால் 1,350 ரூபாயையும் திருப்பித் தருவதாகச் சொல்லியனுப்பினார். கொடுக்க மறுத்து, இரண்டையும் மூடி முத்திரையிட்டு அலுவலகத்திலேயே ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்திருக்கிறேன். இதே போன்ற பொட்டலம் கையில் இருப்பவர்களும் அதை அங்கேயே ஒப்படைத்தால் விசாரணைக்கு உதவியாக இருக்கும்.