இடது கைக்காரியின் முதல் ரைஃபிள்: ரூகர் 10/22, 14 மாதங்களுக்குப் பிறகு

துப்பாக்கி வாங்கப் போனபோது எனக்கு வயது 46. உயரம் 5 அடி 1 அங்குலம். இடது கைப் பழக்கம், குறி பார்ப்பதும் இடது கண்ணால்தான். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், கடையில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. "ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சுடவா, பாதுகாப்புக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். இரண்டுக்கும்தான் என்றேன். தடித்த குழலும், குறி பார்க்கும் தொலைநோக்கியான நீளமான ஸ்கோப்பும் பூட்டிய ஒரு ரைஃபிளை எடுத்துக் கொடுத்தார்கள். தோளில் வைத்துப் பிடித்தேன். அரை நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஐந்து சனிக்கிழமைகளும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துத்தான் சுட்டேன். என் பயிற்சியாளர் அறுபதை நெருங்கும் பெண்மணி. "எதையும் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்க்காமல் வாங்காதேம்மா" என்று சொல்லிவிட்டார். முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் தரக்கூடிய நல்ல யோசனையும் இதுதான். செமி ஆட்டோமேட்டிக்கில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த வெடிப்பின் வேகத்திலேயே, குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னால் போய், காலித் தோட்டா ஓட்டினை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு வரும். காகிதத்தில் இந்த வகை ரைஃபிள்கள் எல்லாமே இதே வேலையைத்தான் செய்கின்றன. தோளில் வைத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

முதலில் சுட்டது ஏஆர்-15 வகை. ஏஆர் என்பது ஆர்மலைட் ரைஃபிள் என்பதன் சுருக்கம். 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பிலிருந்து உருவானது. 1959இல் கோல்ட் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. இன்று இந்த அமைப்பில் ரைஃபிள் செய்யும் நிறுவனங்கள் ஏராளம். எனக்கு இதில் பிடித்தது தோளில் பதியும் பின்கட்டை. இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும். குட்டைக் கைக்காரர்களுக்கு அது வரம். சுமார் 3 கிலோ எடை, பின்னுதைப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. இடது கைக்கு ஒத்துவராது என்று பலர் சொல்லியிருந்தார்கள். பாதிதான் உண்மை. தோட்டாக்களை வைக்கும் கூடான மேகசினை விடுவிக்கும் பொத்தான் வலப்பக்கம் இருப்பதால் என் இடது கட்டைவிரலுக்கு நேராகவே வந்தது. காலி ஓடுகள் முகத்தில் அடிக்காமல் இருக்க, அவை வெளியேறும் வாய்க்குப் பின்னால் ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். தவறி வெடிக்காமல் விசையைப் பூட்டும் சேஃப்டி மட்டும்தான் தொல்லை. அது இடப்பக்கம், வலது கட்டைவிரலுக்கென்று வைத்தது. இருபுறமும் நெம்பு உள்ளதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் சத்தம்! உள்ளரங்கில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் ஏஆரின் 5.56 மி.மீ. தோட்டாவைச் சுட்டால் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். திடீர் ஓசை 140 டெசிபலைத் தாண்டினால் செவிக்குக் கேடு என்பார்கள். இது 160ஐ ஒட்டிப் போகும். காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பான், அதன் மேல் மூடி, இரண்டும் இருந்தும் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கப்போகிறதே என்று முன்கூட்டியே உடம்பு சுருங்கிவிடுகிறது. குண்டு தாழப் போய் விழுகிறது. இந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் அழிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று பயிற்சியாளர் அன்றே நிறுத்திவிட்டார்.

அடுத்து 9 மி.மீ. கார்பைன்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுச் சுடும் குட்டை ரைஃபிள்கள். சின்னத் தோட்டா, எனவே மெதுவாக உதைக்கும் என்று எண்ணினேன். அப்படி இல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றில் போல்ட் பூட்டிக்கொள்வதில்லை, தன் கனத்தாலேயே மூடி நிற்கிறது. அந்தக் கனம் முன்னும் பின்னும் ஓடும்போது தோளில் ஒரு முரட்டுத் தள்ளல் தெரிகிறது. ரூகர் நிறுவனத்தின் பிசி கார்பைனில் போல்ட் இழுக்கும் பிடியையும் மேகசின் பொத்தானையும் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 3 கிலோவுக்கு மேல் எடை. வைத்துவிட்டேன்.

நான்காவது சனிக்கிழமை அதே ரூகர் நிறுவனத்தின் 10/22 கைக்கு வந்தது. ஐந்தாவது சனிக்கிழமையும் அதையேதான் எடுத்தேன்.

1964இல் வந்த ரைஃபிள். அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்னும் சின்னத் தோட்டா, மேகசினில் 10. அந்த மேகசின் தனி அழகு. தோட்டாக்கள் வரிசையாக அடுக்கப்படாமல் ஒரு சுழலியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதனால் துப்பாக்கியின் அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, மணல் மூட்டையில் வசதியாக வைத்துச் சுடலாம். வழக்கமான மாதிரியின் எடை 2.3 கிலோ அளவில் வரும். நான் வாங்கியது காம்பேக்ட் என்னும் சிறிய மாதிரி. 16 அங்குலக் குழல், சுமார் 2 கிலோ. பின்கட்டையின் முனையிலிருந்து விசை வரை உள்ள நீளம் வழக்கமான மாதிரியில் 13.5 அங்குலம், இதில் முக்கால் அங்குலம் குறைவு. கேட்க அற்பமாகத் தோன்றும். அந்த முக்கால் அங்குலத்தில்தான் என் கன்னம் கட்டையில் சரியாகப் படிகிறது, கழுத்தை நீட்ட வேண்டியதில்லை. கடையில் பார்க்கும்போது முழங்கையை மடித்து, பின்கட்டையை உள்மடிப்பில் வைத்து, விரல் விசையைத் தொடுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்த ரைஃபிள் உங்களுக்கு நீளம்.

இடது கைக்காரர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. சேஃப்டி விசைக்கு முன்னால் குறுக்கே ஓடும் ஒரு பொத்தான். வலது கைக்காரர் ஆள்காட்டி விரலாலேயே தள்ளி விடுவிப்பார். நான் துப்பாக்கியைத் தாங்கும் வலது கையால் தள்ளக் கற்றுக்கொண்டேன், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. ஓடுகள் வலப்பக்கம் தெறிக்கும், அது என் முகத்துக்கு முன்னால்தான். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது. கழுத்து அகலமான சட்டை போட்டுக்கொண்டும் போகாதீர்கள். சூடான ஓடு ஒன்று உள்ளே விழுந்தால் துள்ளத்தான் தோன்றும், அந்த நேரத்தில் துப்பாக்கியின் வாய் எங்கே திரும்பும் என்பதுதான் பயம். அப்புறம், கடைசித் தோட்டா முடிந்தாலும் இதன் போல்ட் திறந்து நிற்காது. இத்தனை சுட்டோம், காலியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கையை நம்பக் கூடாது. மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்துப் பிடித்து, கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் பழக்கம் இதனால்தான் எனக்கு வந்தது.

குறி பார்க்கும் விஷயத்தில் என் வயது குறுக்கே வந்தது. குழலின் மேலுள்ள பின்பள்ளம், முன்மணி, தூரத்து இலக்கு மூன்றையும் இந்தக் கண்ணால் ஒரு கோட்டில் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு சிவப்புப் புள்ளி சைட் (குறிகாட்டி) பொருத்தினேன். இலக்கையே பார்க்கலாம், புள்ளி அதன் மேல் மிதக்கும். 50 மீட்டரில் ஐந்து தோட்டாக்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி விழுந்தவை இப்போது எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுகின்றன. 50 மீட்டருக்குச் சரிசெய்தால் 100 மீட்டரில் குண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே விழும். அதைக் கணக்கிட்டுச் சுடுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

14 மாதத்தில் 6,200 தோட்டாக்களுக்கு மேல் சுட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மொத்தமாக மலிவில் வாங்கிய ஒரு வகையில் முதல் 2,000 தோட்டாக்களுக்குள் 23 முறை தடங்கல். சிசிஐ மினி மேக் என்ற வகைத் தோட்டா போட்ட ஆயிரத்தில் இரண்டே முறை. துப்பாக்கி அதே துப்பாக்கிதான். .22இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை ஓட்டின் விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போய், ஊசி அங்கேயே அடித்தால் தோட்டா வெடிக்காது. அப்படி 'கிளிக்' என்று மட்டும் கேட்டால் துப்பாக்கியின் வாயை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுங்கள், தாமதித்து வெடிக்கலாம்.

அதைவிட மோசமானது சத்தம் குறைவது. ஒருநாள் 'பப்' என்று வாய்க்குள் காற்றை விட்டதுபோல ஒரு ஒலி. நான் அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டை இழுக்கப் போனேன். "கையை எடு!" என்று பயிற்சியாளர் கத்தினார். நான்கு ஆண்டு நட்பில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான். குழலுக்குள் பார்த்தால் குண்டு பாதி வழியில் நின்றிருந்தது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கலாம். அந்த வகைத் தோட்டாவை அன்றோடு விட்டேன்.

சரி, பாதுகாப்புக்கு? என் கணவருக்கு இரவு வேலை. நானும் 13 வயது மகனும் தனியாக இருக்கும் இரவுகளுக்காகத்தான் இந்தத் தேடலையே ஆரம்பித்தேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: 10/22ஐப் பாதுகாப்பு ஆயுதமாக நான் எண்ணவில்லை. .22 தோட்டாவின் ஆற்றல் சுமார் 180 ஜூல், 5.56இல் அது 1,700ஐ ஒட்டியது. ஆற்றலைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அந்த விளிம்புக் கலவை. உயிரை நம்பி விசையை அழுத்தும் நேரத்தில் 'கிளிக்' கேட்கக் கூடாது. அதற்காக .22ஐ விளையாட்டுப் பொருள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு மைலுக்கு மேல் பறக்கும், ஆளைக் கொல்லும்.

பாதுகாப்புக்கு ரைஃபிள்தான் என்று முடிவு செய்பவர்களுக்குப் பழகிய கையில் ஏஆர் வகை நல்ல தேர்வு என்பது என் எண்ணம். ஆனால் கற்க வேண்டியது நிறைய. அதன் சைட் குழலுக்கு மேலே 6 செ.மீ.க்குக் குறையாமல் உயர்ந்து நிற்கும். அறைக்குள் இருக்கும் தூரத்தில் குறி பார்த்த இடத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு கீழேதான் குண்டு படும். விளக்கு இல்லாத ரைஃபிள் இருட்டில் யாரைச் சுடுகிறோம் என்று காட்டாது. தண்ணீர் குடிக்க எழுந்த மகனாகவும் இருக்கலாம். ஆளை நிறுத்தும் வலு உள்ள எந்தக் குண்டும் மெல்லிய உட்சுவரைத் துளைத்துப் போகும். 5.56ஐப் போலவே தோன்றும் .223 என்ற தோட்டாவும் உண்டு; .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 தோட்டாவைப் போடக் கூடாது, 5.56 குழலில் இரண்டும் போடலாம். இதையெல்லாம் கைப்பழக்கமாக்க ஆயிரக்கணக்கான தோட்டா சுட வேண்டும். அவ்வளவு பயிற்சியைத் தோளும் காதும் மனமும் நோகாமல் கொடுத்தது எனக்கு 10/22தான்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. பிரிட்டன் 1988இல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்தபோது .22 விளிம்புத் தோட்டா வகையை மட்டும் விட்டுவைத்தது. நியூசிலாந்து 2019இல் தடை கொண்டுவந்தபோதும் பத்துத் தோட்டா வரை கொள்ளும் .22க்கு விலக்கு இருந்தது. கனடா 2020இல் ஏஆர்-15ஐத் தடை செய்தது. சில நாடுகளில் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு உரிமமே கிடைக்காது. ரைஃபிளை விரும்புவதற்கு முன் உங்கள் நாட்டு விதியைப் படித்துவிடுங்கள்.

என் ரைஃபிள் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். மகனுக்கு எந்தப் பூட்டின் எண்ணும் தெரியாது. ஆபத்து நேரத்தில் இது தாமதம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. தாமதம்தான். ஆனால் இரவில் திருடன் வருவது ஒருவேளை நடக்கலாம், வளரும் பிள்ளை அந்த வீட்டில் இருப்பது தினமும் நடக்கிறது. கைக்கெட்டும் துப்பாக்கி, மனம் உடைந்திருக்கும் ஒருவருக்கு நொடியில் முடிவைக் கொடுத்துவிடும். வீட்டில் யாராவது அப்படி இருந்தால் துப்பாக்கியை வீட்டிலேயே வைக்காதீர்கள், தயவுசெய்து. இரவுக்கு இப்போதைக்கு நல்ல கதவுப் பூட்டும், வாசல் விளக்கும், படுக்கையருகே போனும்தான்.

வாங்குபவர்களுக்கு இன்னும் கொஞ்சம். குறைந்தது நான்கு மேகசின் வாங்குங்கள், அடியில் எண் எழுதுங்கள். எனக்கு வந்த தடங்கல்களில் பாதிக்கு மேல் மூன்றாம் எண்ணில்தான் என்று நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. கழற்றித் துடைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. என் 10/22இன் குழலுக்குள் பின்பக்கமிருந்து நேராகச் சுத்தம் செய்யும் கம்பியை விட வழியில்லை, வாய்ப்பக்கமிருந்துதான் விட வேண்டும். குழலின் விளிம்பு தேயாமல் இருக்க, கம்பிக்குப் பதில் இழுத்து எடுக்கும் துணிக்கயிறு போதும். .22 குண்டுகள் பெரும்பாலும் ஈயம். ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, உடையை மாற்றிய பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்கிறேன். மாதம் ஒருமுறை பயிற்சியாளரின் ஏஆரில் முப்பது தோட்டா சுடுகிறேன். போன மாதம் முப்பதிலும் கண் திறந்தே இருந்தது.