பிடரியில் பதினைந்து இலக்கம்: ஒரு கால்நடை மருத்துவமனையின் மைக்ரோசிப் சேவை

சென்னை மாநகராட்சி 2025-ஆம் ஆண்டில் செல்லப்பிராணி உரிமத்துக்கு, தோலுக்கு அடியில் பொருத்தும் அடையாள எண் சில்லான மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது, எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் சிப் ஞானம் பிறந்துவிட்டது. மாநகராட்சி தன் மருத்துவ மையங்களில் இலவசமாகவே சிப் பொருத்தியது. இருந்தாலும், எங்கள் நாட்டு நாய் கறுப்பிக்குக் குட்டியிலிருந்தே ஊசி போட்டுவரும் தனியார் மருத்துவமனைக்கே நான் போனேன். புது ஆட்களைக் கண்டால் அவள் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. உடன் லேப்ரடார் புருனோவையும் அழைத்துச் சென்றேன். அவனால்தான் இந்த மதிப்புரை கொஞ்சம் நீள்கிறது.

கறுப்பியின் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மருத்துவர் முதலில் அவள் உடலில் ஏற்கெனவே ஏதேனும் சிப் இருக்கிறதா என்று கழுத்திலிருந்து தோள், முன்னங்கால்வரை ஸ்கேனரை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். பிறகு உறையில் இருந்த சிப்பையே ஸ்கேன் செய்து, வரும் எண்ணும் உறையில் அச்சிட்டிருந்த எண்ணும் ஒன்றா என்று என்னையும் சரிபார்க்கச் சொன்னார். தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்தினார். தடுப்பூசி ஊசியைவிட அது நன்றாகத் தடிமன். கறுப்பி ஒரு முறை முனகினாள், ஒரு சொட்டு இரத்தம் வந்தது, அவ்வளவுதான். செலுத்திய பின் மறுபடி ஸ்கேன் செய்து, எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டினார். முன்னும் பின்னும் செய்த இந்தச் சரிபார்ப்புக்காகவே, சிப்புடன் சேர்த்து வாங்கிய 900 ரூபாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காத்திருப்பு அறையில் பாதிப் பேர் நாய் தொலைந்தால் கைப்பேசியில் வரைபடம் காட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். காட்டாது. சிப்பில் மின்கலம் கிடையாது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு கம்பிச்சுருளும் நுண்சில்லும் மட்டுமே இருக்கின்றன. சில சென்டிமீட்டர் அருகில் ஸ்கேனரைக் கொண்டுவரும்போது அதன் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தி பெற்று, 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். பெயரும் முகவரியும் அதற்குள் இல்லை; அவை எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. அந்தப் பதிவேடு பழையதாகிவிட்டால் சிப் வெறும் கண்ணாடித் துண்டுதான். இதை உணர்ந்தது புருனோவின் முறை வந்தபோது.

புருனோ எங்களிடம் வந்தபோது அவனுக்கு மூன்று வயது. ஒரு நண்பர் மூலம் அறிமுகமான குடும்பம் கனடாவுக்குக் குடிபெயரும் அவசரத்தில் அவனைத் தடுப்பூசி அட்டையோடு ஒப்படைத்துவிட்டுப் போனது. மருத்துவர் ஸ்கேனரை வைத்ததும் அது கூவியது. அவன் பிடரியில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது, எனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் பெயரில். அந்தக் கணத்தில் எனக்கு வந்த எண்ணம் பெருமைப்படத்தக்கது அன்று. ஐந்து ஆண்டு வளர்த்த பிறகு ஒருநாள் யாராவது வந்து இது என் நாய் என்று கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடலாமே டாக்டர் என்று கேட்டேன்.

“அது முடியாது சார்” என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கேள்விக்கு இடமில்லாத பதில். பிறகு, வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தும், உட்கார்ந்து விளக்கினார். செலுத்துவது ஊசி வேலை, எடுப்பது அறுவை வேலை. சிப்பைச் சுற்றித் திசு வளர்ந்துவிடும். அரிசி மணி அளவுள்ள அது தோளுக்கோ முன்னங்காலின் பக்கமோ நகர்ந்தும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து இடம் கண்டு, மயக்க மருந்து கொடுத்து, தோலை வெட்டித் தேட வேண்டும். இடத்தில் சீழ் பிடித்தாலோ, மிக அரிதாக அங்கே கட்டி தோன்றினாலோ, கழுத்துத் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிப் படத்தைக் கெடுத்தாலோ எடுப்பது நியாயம். நாய்க்கு அதனால் ஒரு பயன் உண்டு. உரிமையாளரின் நிம்மதிக்காக நாயை வெட்டுவது மருத்துவம் ஆகாது என்றார். பழையதை விட்டுவிட்டு இன்னொன்றையும் போடலாமே என்றேன். ஒரே அலைவரிசையில் இரண்டு சிப்கள் அருகருகே இருந்தால் ஸ்கேனர் ஒன்றை மட்டும் படிக்கும், சில நேரம் எதையும் படிக்காது என்று அதையும் மறுத்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டியின் சேசிஸ் எண்ணைச் சுரண்டுபவனை நாம் எதற்காகச் சந்தேகிக்கிறோமோ, அதே காரணத்துக்காகச் சிப்பை எடுக்கச் சொல்பவனையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அந்த அறையில் அப்படிச் சந்தேகிக்கப்பட வேண்டியவனாக நானே உட்கார்ந்திருந்தேன். மருத்துவருக்கு என்னையும் ஒரு நாய்த் திருடனையும் பிரித்தறிய என்ன வழி? அதேவேளை, சிப் என்பது கிரயப் பத்திரமும் அன்று. எரிவாயுப் புத்தகத்தில் பெயர் இருப்பதால் வீடு சொந்தமாகிவிடாததுபோல, பதிவேட்டில் உள்ளவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்குச் சிப் கட்டாயம். குட்டிக்கு எட்டு வாரம் ஆவதற்குள் பொருத்திவிட வேண்டும். அந்த விதிகள்கூட உரிமையாளர் என்று சொல்லாமல் வளர்ப்பவர் என்ற பொருள்படும் சொல்லையே கையாள்கின்றன. நாய் கைமாறினால் அங்கே மாற்றப்படுவது பதிவேட்டு விவரம், சிப் அன்று.

ஒரு சூழலில் மட்டும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. அடித்துப் பட்டினி போட்டவனிடமிருந்து தப்பி வந்த நாயை ஒருவர் எடுத்து வளர்க்கிறார்; சிப் இருப்பதால் அது மறுபடி அவனிடமே போய்ச் சேரும் என்று அஞ்சுகிறார். அவர் எடுக்கச் சொன்னால்? அடுத்த முறை போனபோது மருத்துவரிடமே கேட்டேன். கொடுமை செய்தவன் யார் என்பதற்கு அந்த எண்ணும் ஒரு தடயம், அதை அழித்தால் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் கொடுக்கக் கையில் என்ன இருக்கும் என்று திருப்பிக் கேட்டார். வாதம் சரிதான். ஆனால் அந்தப் புகார் நடந்து முடியும்வரை நாய் யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு அவரிடமும் விடையில்லை, என்னிடமும் இல்லை.

மருத்துவமனையில் குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே அறை. ரசீதில் சிப் எண்ணை எழுதவில்லை, கேட்டபின்தான் எழுதினார்கள். எந்தப் பதிவேட்டில் விவரம் ஏறுகிறது, முகவரி மாறினால் யாரிடம் சொல்வது என்று வரவேற்பில் இருந்தவருக்குத் தெரியவில்லை. சிப் விற்கும் இடத்தில் இந்த ஒரு தாளையாவது அச்சடித்துக் கொடுக்க வேண்டும்; ஒட்டுத்தாளைவிட அதுதான் முக்கியம். ஊசிக்கும் பேச்சுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன், காகித வேலைக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை.

புருனோவின் எண்ணுக்கு உரியவரைத் தேட இரண்டு வாரம் ஆனது. இன நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்தியக் கென்னல் கிளப்பில் பதிவான நாய்களின் சான்றிதழில் சிப் எண் இருக்கும் என்று மருத்துவர் சொன்னதை வைத்து, கனடாவில் இருக்கும் குடும்பத்துக்கு எழுதினேன். சான்றிதழ் அவர்களுடைய பெட்டியில்தான் இருந்தது. பெயர் குட்டியை வளர்த்து விற்றவருடையது, அவர்களும் மாற்றாமலே விட்டிருந்தார்கள். கையெழுத்திட்ட மாற்றுக் கடிதத்தோடு அதை அனுப்பிவைத்தார்கள். சென்ற மாதம் ஆண்டுத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர், கேட்காமலேயே, ஸ்கேனரை எடுத்தார். எண் அதேதான், இடம் மட்டும் இடது தோளுக்குச் சற்றுக் கீழே நகர்ந்திருந்தது. அதைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு ஊசியைப் போட்டார்.