பாட்டிலை நம்பி மக்காச்சோளத்துக்கு மேலுரத்தை நிறுத்திவிடாதீர்கள்

மக்காச்சோளம் போட்டிருப்பவர்கள் மேலுரம் (வளரும் பயிருக்கு இடையில் வைக்கிற உரம்) வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பயிர் முழங்கால் உயரம் வந்திருந்தது. இரண்டாவது மேலுரத்துக்கு யூரியா வாங்கப் போனேன். கடைக்காரர் இலையில் தெளிக்கிற திரவ உரம் என்று அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைத் தெளித்தால் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம், உரம் வைக்கிற கூலியும் மிச்சம்" என்றார். பல வருடப் பழக்கம் என்பதால் நம்பி வாங்கிவந்து தெளித்தேன், மேலுரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் சில நாள் இலை கொஞ்சம் கருத்துத் தெரிந்தது, நான் ஏமாந்தது அதில்தான். அப்புறம் அடியிலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாகவே உள்ளே இறங்கியது, இலையின் இரண்டு ஓரமும் பச்சையாகவே இருந்தன. தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை என்றால் இப்படித்தான் வரும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவாக இருந்தால் ஓரம்தான் முதலில் கருகும். இலையைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "இது பூச்சி, வேறு மருந்து தருகிறேன்" என்கிறார்!

வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தேன். தழைச்சத்து 4 சதவீதம். அரை லிட்டரில் சுமார் 20 கிராம். யூரியாவில் 46 சதவீதம், 45 கிலோ மூட்டையில் சுமார் 20.7 கிலோ இருக்கிறது. அதாவது ஒரு மூட்டைக்கு ஈடாக ஆயிரத்துக்கும் மேல் பாட்டில் வேண்டும். முழங்கால் உயரத்திலிருந்து கதிர் நூல் விடும் வரைதான் இந்தப் பயிர் தழைச்சத்தை வேகமாக இழுக்கும், அந்த நாட்களைத்தான் நான் பட்டினி போட்டுவிட்டேன்.

அதோடு விட்டாரா? நூல் காய்ந்த பிறகு, "இரண்டு மடங்கு யூரியா போடுங்கள், சரியாகிவிடும்" என்று தள்ளிவிட்டார். மண் அணைக்காமல், தண்ணீரும் கட்டாமல் ஈர மண்மேல் தூவினேன், ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போயிருக்கும். சரியாகவே வைத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் விளைச்சல் பெரிதாக ஏறாது, செலவுதான் ஏறும்.

அறுவடையில் கதிர் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு மணியே இல்லை. வாய்க்கால் ஓரம் நான்கு வரிசைக்கு மட்டும் வீட்டில் மீதமிருந்த யூரியாவை பாட்டில் தெளித்த சமயத்திலேயே வைத்து மண் அணைத்திருந்தேன், அதில் நுனிவரை மணி.

எதை வாங்கினாலும் சதவீதத்தை எடையால் பெருக்கிப் பாருங்கள், பில்லையும் கையோடு வாங்குங்கள். எனக்கு "அப்புறம் தருகிறேன்" என்றவர் இன்றுவரை தரவில்லை. புகார் கொடுக்க என்னிடம் இருப்பது அந்தக் காலி பாட்டில் மட்டும்தான்.