டிரைக்கா, மூணு ஆக்சிஸா? மதுரையில இருந்து காரைக்குடி வரை காலையில பறந்துட்டு வர எது தோது

டிரைக், மூணு ஆக்சிஸ் ரெண்டுமே ரெண்டு பேரு போற குட்டி விமானம், எது எப்படின்னு கீழ சொல்றேன். முதல்ல தூரத்தைச் சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. மதுரையில இருந்து காரைக்குடி நேர்கோட்டுல சுமார் 75 கிலோமீட்டர். யானைமலையை இடது பக்கம் விட்டு, மேலூர் கிரானைட் குவாரி, திருப்பத்தூர், குன்றக்குடி மலைன்னு ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே போயி, கானாடுகாத்தான் வீடுகளோட ஓட்டுக்கூரையும் நடுவுல திறந்து கிடக்குற முற்றமும் தெரியிற மாதிரி ஒரு சுத்து சுத்திட்டு, எங்கயும் இறங்காம திரும்பிடணும். செட்டிநாட்டுப் பக்கம் ரெண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒண்ணு கிடக்கு, புழக்கத்துல இல்ல, அடையாளத்துக்கு மட்டும் வச்சுக்கங்க.

இதுக்கு நம்மகிட்ட இருக்குற நேரம் ரொம்பக் கம்மி. கண்ணால பாத்து ஓட்டுற விமானம் நம்ம நாட்டுல சூரிய உதயத்துக்கு 20 நிமிஷம் முன்னாடி இருந்துதான் பறக்கலாம், ஜனவரி கடைசியில மதுரையில சூரியன் ஆறரைக்கு மேலதான் வருது, ஒன்பதரை தாண்டுச்சுன்னா தரை சூடாகி காத்து கீழ இருந்து குத்த ஆரம்பிச்சுடும். ஆக இந்த மூணு மணி நேரத்துக்குள்ள போயிட்டு வர்ற வண்டி எதுங்கிறதுதான் கேள்வி.

டிரைக்னா ஹேங் கிளைடர் இறக்கைக்குக் கீழ மூணு சக்கர வண்டியைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், வால் கிடையாது, ரெண்டு பேரு சவாரின்னா சுமார் 80 கிலோமீட்டர் வேகம். மூணு ஆக்சிஸ்னா வாலும் ஸ்டிக்கும் வச்ச வழக்கமான விமானம், அதுல ரெண்டு ரகம்னு வச்சுக்கங்க. ஒண்ணு குழாயும் துணியும் வச்சுச் செஞ்சது, பெங்களூர்ல ராஜ் ஹம்சா செஞ்ச எக்ஸ்-ஏர் மாதிரி, 110 போகும்னு கணக்குக்கு வைப்போம். இன்னொண்ணு காம்போசிட் உடம்பு, அதாவது நாரும் பிசினும் சேர்த்து வார்த்தது, என்சிசிக்கெல்லாம் வாங்குன பிபிஸ்ட்ரல் வைரஸ் மாதிரி, அதை மெதுவா ஓட்டுனாக்கூட 150க்குக் குறையாது.

இப்ப வாடைக்காத்தைச் சேருங்க. அந்த மாசத்துல காத்து வடகிழக்குல இருந்து, அதாவது காரைக்குடி போறப்ப மூஞ்சியில அடிக்கும். 30 கிலோமீட்டர் காத்துன்னா டிரைக் போறதுக்கு ஒன்றரை மணி நேரம், வர்றதுக்கு 41 நிமிஷம், மொத்தம் ரெண்டே கால் மணி நேரத்துக்கு ஒட்டி வந்துடுது. எக்ஸ்-ஏர் ரகம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிச்சுடும். காம்போசிட் ஒரு மணி நேரத்துல வீடு திரும்பிடும். மெதுவா போறது சிக்கனம்னு பல பேரு நினைக்கிறாங்க, ஆனா மணிக்கு 15 லிட்டர்னு மூணுக்கும் ஒரே கணக்குப் போட்டுப் பாருங்க, டிரைக்குக்கு 33 லிட்டர், காம்போசிட்டுக்கு 16 லிட்டர், அரை மணி நேர ரிசர்வ் இதுல சேரல.

அப்ப டிரைக் வேணாமான்னா, அப்படிச் சொல்ல எனக்கு மனசே வராது. திறந்த வெளியில உக்காந்து கண்மாய்க்கு மேல காலைத் தொங்கப்போட்டுப் போற அந்தச் சந்தோஷம் வேற எதுலயும் கிடைக்காது. இறக்கையை மடிச்சு டிரெய்லர்ல கொண்டு போயிடலாம், ஹேங்கர் வாடகை மிச்சம். இறங்குற வேகமும் கம்மி, பொங்கலுக்கு அறுப்பு முடிஞ்ச காஞ்ச வயல் போதும், சின்ன இடத்துல நின்னுடும். மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்துல அறுப்பு முடியலைன்னா வயல் பூராம் ஈரம், அதுல எந்த வண்டி இறங்குனாலும் மூக்கு குத்திக் கவுந்துடும்ங்கிறது வேற விஷயம்.

ஆனா ஒரு விஷயத்துல நல்லா யோசிக்கணும். டிரைக்ல கையில பிடிச்சு ஓட்டுற பாரை முன்னாடி தள்ளுனா மூக்கு மேல போகும், மூணு ஆக்சிஸ்ல ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்தா மேல போகும். தரையில ஓடுறப்பவும் அப்படித்தான், டிரைக்ல வலது காலை அமுக்குனா முன் சக்கரம் இடது பக்கம் திரும்பும், மத்ததுல வலது காலுக்கு வலது பக்கம். ஒரு வாரம் இது, மறு வாரம் அதுன்னு ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுறவங்களுக்குப் பதட்டத்துல கை பழைய பழக்கத்துக்கே போயிடும், அது ஆளைக் கொல்லுற விஷயம். ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே நிக்கிறதுதான் நல்லது. குறுக்குக் காத்துல இறங்குறதுக்கும் டிரைக்ல ரட்டர், அதாவது மூக்கை இடம் வலம் திருப்புற வால் பலகை, கிடையாது, காத்துக்குக் கோணலா வந்து சக்கரம் பட்டதும் தானா நேராகும், முதல் தடவை பாக்குறவங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

என்ஜின் நின்னு போச்சுன்னா? ஆயிரம் அடி உயரத்துல, அதாவது 300 மீட்டர்ல, டிரைக் தோராயமா ரெண்டு கிலோமீட்டர் சறுக்கும், எக்ஸ்-ஏரும் கிட்டத்தட்ட அதேதான். காம்போசிட் நாலரை வரைக்கும் போகும். அதனால என்னைக் கேட்டா இறக்கையை விட முதல்ல என்ஜினைப் பாக்கணும். ரோடாக்ஸ் கம்பெனியோட 582 என்ஜின் டூ ஸ்ட்ரோக், 300 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓவர்ஹால். சரியா சூடேத்தாம கிளப்புனா பிஸ்டன் பிடிச்சுக்கும். ரோடாக்ஸ் 912 ஃபோர் ஸ்ட்ரோக், 2,000 மணி நேரம் இல்ல 15 வருஷம். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பறந்தா 582 மூணே வருஷத்துல பிரிச்சு மேயணும், 912 அந்த 15 வருஷக் கெடு வர்ற வரைக்கும் தாங்கும், ரப்பர் ஓஸ்களை மட்டும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். விலை கூடுதல்தான், ஆனா சீமைக்கருவேலங்காட்டுக்கு மேல போறப்ப அந்தக் காசு எங்க போச்சுன்னு யாரும் கேக்கப் போறதில்ல.

பெட்ரோல் விஷயம் ரெண்டு என்ஜினுக்கும் பொதுத் தலைவலி. ரோடாக்ஸ் 10 சதவீத எத்தனால் வரைக்கும்தான் ஒத்துக்குது, நம்ம பங்க்ல இப்ப வர்றது 20 சதவீதம். சந்தேகம்னா ஒரு அளவு ஜாடியில 10 மில்லி தண்ணி ஊத்தி, மேல 90 மில்லி பெட்ரோல் விட்டு, நல்லாக் குலுக்கி வைங்க. அஞ்சு நிமிஷத்துல ரெண்டும் பிரிஞ்சு நிக்கும், 10ல இருந்த தண்ணிக்கோடு ஏறி 20ஐத் தாண்டி நிக்கும், தண்ணியோட சேர்ந்து அடியில இறங்குனது பூராம் எத்தனால். டூ ஸ்ட்ரோக்ல இது இன்னும் மோசம், ஆயிலைப் பெட்ரோல்லயே கலக்குறோம், ஈரம் பட்டுப் பிரிஞ்சா ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. விமானத்துக்குன்னே வர்ற பெட்ரோலான அவ்காஸ் வாங்குனா எத்தனால் தொல்லை இல்ல, 2022ல இருந்து இந்தியன் ஆயிலே வதோதராவுல தயாரிக்குது, ஆனா அதுல ஈயம் இருக்கு, ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமா மாத்தணும்.

மேற்கே வைகை அணைப் பக்கம் போறதா இருந்தா கணக்கே வேற. தூரம் 60 கிலோமீட்டர்தான், ஆனா கம்பம் பள்ளத்தாக்குக் காத்து ஆடியில ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலைகளைச் சுத்த விடுற காத்து. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்ங்கிறப்ப டிரைக்கை அந்தப் பக்கம் எடுக்கவே கூடாது, மூணு ஆக்சிஸ்காரங்களும் ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள வச்சுக்கிறது நல்லது. ஏப்ரல், மே வந்துட்டா வெயில். மதுரை ஓடுதளம் 460 அடி உயரந்தான், ஆனா 39 டிகிரியில காத்து லேசாகிடும், என்ஜினும் இறக்கையும் அதை 3,400 அடின்னு நினைச்சுக்கும், ரெண்டு பேரு ஏறி டேங்க்கும் ஃபுல்லா இருந்தா ஏறுறதுக்கே திணறும்.

ராமேஸ்வரம் கேக்குறவங்களுக்கு, 150 கிலோமீட்டர், உச்சிப்புளியில கடற்படை விமானத்தளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கு, அனுமதி வேலையே தனி. பாராசூட் மாதிரி இறக்கையில தொங்கிக்கிட்டு முதுகுல என்ஜின் மாட்டிப் பறக்குற பாராமோட்டரை நான் இந்தக் கணக்குல சேர்க்கவே இல்ல, 45 கிலோமீட்டர் வேகத்துல 30 கிலோமீட்டர் காத்தை எதிர்த்தா மேலூர் தாண்டுறதுக்குள்ள வெயில் வந்துடும்.

என் ஓட்டு 912 போட்ட எக்ஸ்-ஏர் ரகத்துக்குத்தான். காம்போசிட் அருமையான வண்டி, ஆனா நாலஞ்சு பேரு பங்கு போட்டாலும் விலை கைக்கு எட்டாது, வெயில்ல வெளிய நிறுத்தவும் மனசு வராது. டிரைக்தான்னு முடிவு பண்ணுனவங்க 912 போட்டதாப் பாத்து எடுங்க, வாங்குறதுக்கு முன்னாடி இறக்கைத் துணியோட தையலை இழுத்துச் சோதிச்ச ரிப்போர்ட்டைக் கேளுங்க. நம்ம ஊரு வெயிலுக்குத் துணி பாக்க நல்லா இருக்கும், நூல் மட்டும் இத்துப் போயிருக்கும். விக்கிறவரு "அதெல்லாம் வேணாண்ணே, புது இறக்கை மாதிரி"ன்னு சொன்னா அட்வான்ஸ் கொடுக்காம கிளம்பிடுங்க.