என் காலை எது? இரைப்பைக் குறைப்புக்குப் பின் தைராய்டு மாத்திரையோடு நான்கு ஆண்டுகள்

சென்ற வாரம் ஷிப்டு மாறும் நேரத்தில், கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனான். "அண்ணே, அடுத்த மாதம் எனக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். எடை இறங்கிவிட்டால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாம்தானே?" என்று கேட்டான். இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் அந்த ஆபரேஷனுக்கு நானும் இதே ஆசையோடுதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பஸ் கிளம்பும் அவசரத்தில் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. என்னுடையது ஹாஷிமோட்டோ என்ற நோய். உடலின் எதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியை அரித்துவிட்டது. இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்தாலும் கழுத்திலிருக்கும் சுரப்பிக்கு உயிர் திரும்பாது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; ரத்தத்தில் தைராய்டு குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். பருமனால் மட்டும் அது சற்றே ஏறியிருந்தவர்களுக்கு, எடை இறங்கியதும் அதுவும் இறங்குவது உண்டு. தம்பியுடையது எந்த வகை என்று அவனுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவனாக நிறுத்தக் கூடாது.

மாத்திரையின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லெவோதைராக்சின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரை துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். ஒரு நாள் செலவு ஒரு டீயின் விலையில் கால் பங்குகூட வராது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதம் கஞ்சித் தண்ணீரே நின்று நின்றுதான் இறங்கியது. புளியங்கொட்டை போன்ற கால்சியம் மாத்திரையைப் பார்த்தாலே நெஞ்சு அடைத்தது. அப்போது உறுத்தாமல் உள்ளே போன ஒரே மாத்திரை இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவொற்றியூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த மாத்திரை டப்பா நனைந்து கரைந்துபோனது. நான்கு நாள் மாத்திரை இல்லை. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடலில் சேர்ந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்குமாம். அந்த நான்கு நாளும் அது என்னைக் கைவிடவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

மருந்தளவு குறைந்ததும் உண்மை. 2021 செப்டம்பரில் 128 கிலோ இருந்தேன், 150 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் மாதம் 98 கிலோவுக்கு வந்தபோது, தொழிற்சாலைக் கண்ட்ரோல் ரூம் பதிவேட்டில் அழுத்த அளவை எழுதும் நேரம் பேனா நடுங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு படபடத்தது. சாப்பாடு குறைந்த களைப்பு என்று நினைத்து மோரைக் கூடுதலாகக் குடித்தேன். டி.எஸ்.எச். 0.08 என்று மிகக் குறைவாக வந்தது, மருந்து மிகையாகிவிட்டது. இந்த மருந்தின் தொடக்க அளவை மருத்துவர்கள் உடல் எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். உடம்பு சுருங்கிக்கொண்டே போக, மருந்து மட்டும் பழைய உடம்புக்கே போய்க்கொண்டிருந்தது. 125 ஆக்கி, பிறகு 100 ஆக்கினார்கள். புரதம் எத்தனை கிராம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரி, தைராய்டுக்கு நேரே "தொடரவும்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நடுக்கம் வந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. சீட்டில் இருக்கும் 1-0-0 என்ற மூன்று எண்களுக்காக. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை. வெறும் வயிற்றில். எந்தக் காலை?

மணலியில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலை எனக்கு. இரவு ஷிப்டு வாரத்தில் காலை 6 மணிக்கு வெளியே வருவேன். விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அதன் ஓரத்து டீக்கடையில் பால் டீயும் இரண்டு ரஸ்க்கும். ஏழு மணிக்கு வீடு. மனைவி ஒரு சிறு தட்டில் "காலை மாத்திரை" என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பாள்: தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவேன். சீட்டில் காலை என்று இருந்தது. நாங்களும் காலையில்தான் கொடுத்தோம், எடுத்தோம்.

2023 தொடக்கத்தில் எடை நான்கு கிலோ ஏறியது. மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம், சாக்ஸ் கழற்றினால் காலில் பள்ளம். நான்தான் சோற்றைக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். இவ்வளவு செலவு செய்து வெட்டிக்கொண்ட வயிற்றை நானே கெடுத்துவிட்டேன் என்று மனைவியின் முகத்தைப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். டி.எஸ்.எச். 11.4 என்று ஏறியிருந்தது. மருந்தை 125 ஆக உயர்த்திச் சீட்டு கொடுத்தார்கள்.

அதை வாங்கப் போன இடத்தில், காலடிப்பேட்டை மருந்துக் கடையில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதை எதோடு சேர்த்துப் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாருமே கேட்காத கேள்வி. சொன்னேன். அவர் டப்பாவை எடுக்கவில்லை. கால்சியமும் இரும்பும் குடலிலேயே இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், பாலும் டீயும் கூடாது, முதலில் டாக்டரிடம் போய் இதைச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார். போனேன். பான்டோபிரசோல் இன்னும் தேவையா என்று பார்த்து ஹார்மோன் மருத்துவர் அதை நிறுத்தினார். 100 மைக்ரோகிராமே போதும் என்றார். 1-0-0 என்பதை அடித்துவிட்டு "தூங்கி எழுந்ததும்" என்று கையால் எழுதினார். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 2.6, சரியான அளவு.

அந்த நான்கு கிலோவும் மெல்ல இறங்கியது. ஆனால் வாழ்க்கை முழுக்கக் கடிகாரமாகிவிட்டது. இரவு ஷிப்டு வாரத்தில் பிற்பகல் 2 மணிக்கு எழுந்ததும் தைராய்டு, 3 மணிக்குச் சாப்பாடு, 7 மணிக்குக் கால்சியம், இரும்புக்கு அதிலிருந்தும் இரண்டு மணி நேரம் தள்ளி. ஞாயிறு ஷிப்டு மாறினால் எல்லாம் தலைகீழ். காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீன் குழம்பின் வாசம் படுக்கை வரை வரும். மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பேன். நான் உண்ணாததால் மனைவியும் உண்ண மாட்டாள். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. என் வயிற்றின் விரதத்தை அவளும் சேர்ந்து இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாளாவது அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மாத்திரையை அதன் டப்பாவிலேயே வைத்திருங்கள். கிழமை எழுதிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, எங்கள் கடற்கரை ஈரத்தில் நான் ஒரு மாத மருந்தைப் பாழாக்கினேன்.

இன்று என் எடை 86 கிலோ. கை நடுங்குவதில்லை. தேரடி மெட்ரோ படிகளில் நிற்காமல் ஏறுகிறேன். மருந்து தன் வேலையை ஒரு குறையுமில்லாமல் செய்கிறது. காலை ஷிப்டு வாரத்தில் கேட்டிருந்தால் இதைவிட எளிய மருந்து உலகில் இல்லை என்று எழுதியிருப்பேன். இது இரவு ஷிப்டு வாரம். என்னால் இதைப் பாராட்ட முடியவில்லை. ஷிப்டு வேலைக்காரனுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை என்பதுதான் இன்றைய என் தீர்ப்பு. ஆயினும் நாளை பிற்பகல் 2 மணிக்கு எடுத்துக்கொள்வேன்.

தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நம் ஷிப்டு அட்டவணையின் நகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக மணி எழுதி வாங்கிக்கொள். எழுதித் தராமல் எழுந்திருக்காதே.