லெட்டர் நாயா, பழக்கிய நாயா, சும்மா நாயா?

பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவரின் மகளுக்குக் கொச்சியில் வேலை. தனியாக இருந்து தூக்கம் கெட்டுத் தவித்தவள், ஒரு நாட்டு நாய் வந்த பிறகுதான் தேறினாள். அமெரிக்காவில் இருக்கும் அவள் மாமாவோ, "மனசுக்கு இந்த நாய் தேவைன்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டா எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டார். லெட்டர் வாங்குவதா, பயிற்சி கொடுப்பதா என்று அக்கா என்னைக் கேட்டார்.

மாமா சொன்னது அவர் ஊரிலேயே பாதிதான் சரி. அங்கே சேவை நாய் என்றால், ஒருவரின் உடல், மனக் குறைபாட்டுக்கு உதவக் குறிப்பிட்ட வேலை பழகிய நாய். அதைக் கடைக்குள்ளும் கூட்டிப் போகலாம். கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டுக்காகத்தான் தேவைப்படுகிறதா, என்ன வேலை பழகியிருக்கிறது? சான்றிதழ் கேட்கக்கூடாது. பக்கத்தில் இருந்தாலே ஆறுதல் என்கிற நாய்க்கு இந்த உரிமை கிடையாது. லெட்டருக்கு மதிப்பு வாடகை வீட்டில்தான். விமானத்திலும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது, 2021 முதல் அந்த நாயைச் சாதாரண வளர்ப்பு நாயாக நடத்தலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள்.

இங்கே லெட்டருக்கு அந்த மதிப்பும் இல்லை. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தகுந்த வசதி செய்துதரச் சொல்கிறது, நாயைப் பற்றிப் பேசவில்லை. பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு விமான விதியில் இடமுண்டு. அந்த அளவுக்குப் பழக்குவது விளையாட்டில்லை, 'உட்கார்', 'கை கொடு' எல்லாம் கணக்கில் வராது.

வேடிக்கை என்னவென்றால், ஃபிளாட் விஷயத்தில் ஜெயிப்பது சும்மா நாய்தான். குடியிருப்போர் சங்கம் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால் அது செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. லெட்டரே வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி லைசென்ஸும் இருந்தால் சரி. குரைத்துக்கொண்டே இருந்தால் அது வேறு பஞ்சாயத்து.

அடுத்து, நாயை எப்படிக் கொச்சிக்குக் கொண்டுபோவது? வளர்ந்த நாயை ரயிலில் கூட வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் கூபே எனும் தனி அறை முழுவதையும் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பார்சல் ஆபீசில் பதிந்து, ரயில் கார்டின் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். பாலக்காட்டில் ஒருமுறை பார்த்தேன்: தகரக் கூண்டின் ஓட்டையில் ஒரு கறுத்த மூக்கு, பிளாட்பாரத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெரியவர். வண்டி கிளம்பும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

அக்காவிடம் அதைச் சொன்னதும் ரயிலே வேண்டாம் என்றுவிட்டார். கொல்லங்கோடு வழியாக வாடகைக் காரில் போனார்கள். வடக்கஞ்சேரி தாண்டும்வரை டிரைவர் முகம் சரியில்லையாம்.